பாவு இல்லை என்று சொன்னால் போதும்

போன மாதம் எங்கள் காலனி மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி ‘கற்றது தமிழ்’ படத்தைத் திரும்பவும் போட்டுப் பார்த்தோம். ராம் இயக்கி 2007ல் வந்த படம். ஆரணியைச் சுற்றியுள்ள நாலைந்து கிராமத்துத் தோழர்கள் சேர்ந்து நடத்துகிற வாசிப்பு வட்டம் எங்களுடையது. புத்தகத்தோடு மாதம் ஒரு படமும் பார்த்துப் பேசுவோம். அன்றைக்குப் பதினைந்து பேர் இருக்கும். கல்லூரி மாணவர்கள், செய்யாறு சிப்காட்டுக்கு ஷூ கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற பெண்கள், சென்னையில் ஐ.டி. வேலை போய் ஊருக்கு வந்து நிற்கிற ஒரு தம்பி, பட்டுத்தறிக்குத் தார் சுத்துகிற ஒரு பெரியம்மா.

படம் முடிந்ததும் மாணவர்கள் கொதித்துப்போனார்கள். தமிழ் படித்தவனை இந்தச் சமூகம் என்ன பாடு படுத்துகிறது பாருங்கள் என்றார்கள். வேலை போன தம்பி வாயே திறக்கவில்லை. பெரியம்மாதான் கேட்டது: “இந்தப் புள்ளைக்கு ரெண்டாயிரம் குடுக்கறான், அந்தப் புள்ளைக்கு லட்சத்துல குடுக்கறான். குடுக்கறவன் யாருடா? அவன எங்கயுமே காட்டலியே?”

யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தமிழில் வேலையைப் பற்றி, வேலை பறிபோவதைப் பற்றி வருகிற படைப்புகளை நாம் எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு கேள்வி போதும் என்று தோன்றியது.

முதலில் படத்துக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். தாராளமயம் சென்னையை எப்படிப் புரட்டிப்போட்டது, ஒரே தெருவில் இரண்டாயிரம் ரூபாய்க்காரனும் லட்ச ரூபாய்க்காரனும் எப்படி உரசிக்கொண்டு வாழ நேர்ந்தது என்பதை அந்த வருசங்களில் இவ்வளவு கோபமாகச் சொன்ன தமிழ்ப் படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. எம்.ஏ. தமிழ் படித்த பிரபாகர் பள்ளிக்கூட வாத்தியார். போலீஸ் அவனை நொறுக்குகிறது, நகரம் அவனைச் சீண்டுகிறது, அவன் கொலைகாரன் ஆகிறான். நானும் எம்.ஏ. தமிழ்தான். கல்லூரி விடுதியில் முதல்முறை பார்த்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. நம்மைப் பற்றி ஒருத்தர் படமே எடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த ‘நம்மை’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

படிப்பு முடித்து ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருசம் இருந்தேன். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. பிறகு ஒரு காண்ட்ராக்டர் மூலமாக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி. கம்பெனி ஆட்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டை கார்டு, எங்களுக்கு மஞ்சள் பட்டை. கேன்டீனில் தனி வரிசை. பதினோரு மாதம் முடிந்த ராத்திரி காண்ட்ராக்டர் போன் பண்ணினார். “நாளைலேர்ந்து வர வேணாம்மா. ஆள் தேவைன்னா நானே கூப்புடுறேன்.” கடிதம் இல்லை, காரணம் இல்லை. கார்டை மட்டும் கேட்டில் கொடுத்துவிடச் சொன்னார்.

எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. அந்த வார்த்தையைச் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான்.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. செங்குந்தர், சௌராட்டிரர் என்று நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் வாழ்ந்த தெருக்களைத் தாண்டித் தறி கிராமங்களுக்குப் பரவி, எங்கள் காலனிக்கு வந்தது என் அப்பா காலத்தில். தறி எங்கள் வீட்டில். தறிக்குழி எங்கள் வீட்டில். பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. எடை போட்டுக் கொடுப்பார், எடை போட்டு வாங்குவார். எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். மழைக்காலத்தில் குழியில் தண்ணி ஊறித் தறி நின்றால் அந்த நாட்களுக்குக் கூலி இல்லை. ஒரு பாவில் மூன்று புடவை. மூன்றாவது புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பாவுக்குப் போய் வாசலில் நிற்க வேண்டும். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: “பாவு இல்ல, அடுத்த வாரம் பாக்கலாம்.”

என் அப்பாவை யாரும் வேலையை விட்டு நீக்கியது கிடையாது. அவரை வேலைக்கு வைத்திருப்பதாகவே எந்தக் காகிதமும் சொன்னதில்லை. இருந்த ஒரே காகிதம் முன்பணம் வாங்கிய பாக்கி நோட்டு. பாவு இல்லாத மாதத்திலும் அந்தப் பாக்கி அப்படியே நிற்கும். அது தீராமல் வேறு முதலாளியிடம் போகவும் முடியாது. விட்டுவிட்டுப் போக உரிமை இல்லை, இருக்கவும் உத்தரவாதம் இல்லை. கரைக்கோர்வைக்குத் தறியின் எதிர்ப்பக்கம் உட்கார ஆள் வேண்டும் என்று என் அக்காவை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பட்டுத் தொழிலில் கடனுக்காகப் பிணைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை எங்கள் பக்கத்துக் காஞ்சிபுரத்தையும் பேசியது. எங்களுக்கு அது புதுச் செய்தி இல்லை.

இந்த அனுபவத்தோடு ‘கற்றது தமிழ்’ என்ற பிரதிக்குத் திரும்புவோம். அதன் கணக்கில் இரண்டு பத்திகள்தான் உண்டு. ஒன்று தமிழ் படித்தவன் சம்பளம், மற்றது கம்ப்யூட்டர் படித்தவன் சம்பளம். தமிழ் தொன்மையானது, உயர்ந்தது. அதைப் படித்தவனுக்குக் குறைவாகவும் நேற்று வந்த படிப்புக்கு அதிகமாகவும் கிடைக்கிறது. ஆக, மேலே இருக்க வேண்டியவன் கீழே கிடக்கிறான் என்பதே படம் காட்டுகிற அநீதி. இந்தத் தர்க்கம் நமக்குப் புதுசா? இன்ன வேலை உயர்ந்தது, இன்ன வேலை தாழ்ந்தது, உயர்ந்ததைச் செய்பவனுக்கு மரியாதை கூட வேண்டும் என்பதுதானே நம்மைச் சேரியில் நிறுத்திவைத்த தர்க்கம். படம் சாதியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வேலைகளைத் தரவரிசையில் அடுக்கி அழுகிற அதன் அழுகைக்குள் சாதியின் மூச்சு இருக்கிறது. அந்த ஐ.டி. கட்டடத்தின் கக்கூசைக் கழுவுகிற பெண்ணுக்கு அதன் கணக்கில் பத்தியே இல்லை.

கோபம் போய் விழுகிற இடத்தையும் பாருங்கள். சம்பளம் கொடுக்கிறவனை விட்டுவிட்டு அதிகச் சம்பளம் வாங்குகிறவன் மேல் விழுகிறது. அவன் காசுக்கு வாழ்கிற வாழ்க்கை மேல், அவனோடு கைகோத்து நடக்கிற பெண் மேல் விழுகிறது. பெரியம்மா கண்டுபிடித்தது இதைத்தான். இரண்டு கூலிக்காரர்களை மோதவிட்டுக் கூலி கொடுப்பவன் படத்திலிருந்தே தப்பித்துப் போய்விட்டான்.

அந்த லட்ச ரூபாய்க்காரனின் நாற்காலியாவது உறுதியானதா? 2015 ஜனவரியில் டி.சி.எஸ். நிறுவனத்தின் ஆள்குறைப்பின்போது சென்னையில் ஒரு பெண் ஊழியர், தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொல்லி வழக்குப் போட்டார். உயர்நீதிமன்றம் அவருடைய பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. 1947ஆம் வருசத்துத் தொழில் தகராறு சட்டம் சொல்கிற ‘தொழிலாளி’க்குள் ஐ.டி. ஊழியரும் வருவாரா என்ற விவாதம் அப்போதுதான் வீடுகளுக்குள் வந்தது. 2017ல் டெக் மகிந்திரா நிறுவனத்தின் மனிதவள அதிகாரி ஒருவர், மறுநாள் காலை 10 மணிக்குள் நீயே ராஜினாமா கொடு என்று ஊழியரை நெருக்கிய ஒலிப்பதிவு வெளியாகி நாடே கேட்டது. ஆனந்த் மகிந்திரா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எங்கள் மொட்டை மாடித் தம்பிக்கும் அதேதான் நடந்தது. பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், பிறகு ‘தானாக’ ராஜினாமா எழுத வைத்தார்கள். பெஞ்ச் என்பது பாவு இல்லாத மாதம்தான். கொஞ்ச நாளைக்குச் சம்பளம் வரும், அதுதான் வித்தியாசம்.

ஆக, நாற்காலிக்காரனும் கூலிக்காரன்தான் என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. ராஜினாமாக் கடிதமாவது எழுதச் சொல்லிக் கேட்கப்பட்டவன் அவன். ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. நிரந்தரத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியே போனார்கள். விருப்பம் யாருடையது என்று அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் ஒரு ஆலையின் கேன்டீனில் சமைத்தவர், ஷிப்டு பஸ் ஓட்டியவர், தரை துடைத்தவர் பெயர்கள் இப்படிப்பட்ட திட்டத்தில் வராது. அவர்கள் கம்பெனியின் ஆட்களே கிடையாது, காண்ட்ராக்டரின் ஆட்கள். அவர்களுக்கு ஒரு போன் போதும். பாவு இல்லை.

ஒரே கட்டடத்துக்குள் யார் எந்தப் பட்டை கார்டு போடுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? பம்பாய் பஞ்சாலைகளுக்குப் போவோம். அங்கே கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதியில் தீண்டத்தகாதவர்களுக்கு வேலை கிடையாது. நாடாவில் புதுக் கண்டு மாட்டும்போது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம் ஆள் வாய் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொடமாட்டான். 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தலைவர்கள் முன்னால் வைத்தார். கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேருங்கள் என்று கேட்டார். அவர்கள் மனசில்லாமல்தான் ஒப்புக்கொண்டார்கள். தறிக்காரன் மகளான நான் இதைப் படித்த அன்று ராத்திரி தூங்கவில்லை. என் அப்பா தொட்டு நெய்த பட்டைக் கட்டிக்கொண்டு எத்தனை சாதி இந்துப் பெண்கள் மணவறையில் உட்கார்ந்திருப்பார்கள்!

இன்றைக்கு வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை. ‘கம்யூனிகேஷன் பத்தாது’, ‘டீமுக்குப் பொருந்தமாட்டார்’ என்று சொன்னால் போதும். ‘கற்றது தமிழ்’ வெளியான அதே 2007ல் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைச் சாதி தெரியும் பெயர்களோடு தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருள்ள விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. நம்மூரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று பெருமை பேசுவோம். அதனால் நேர்காணலில் வேறு மாதிரி கேட்கிறார்கள். “எந்த ஊரு? ஊருக்குள்ள எங்க?” என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த நூற்றாண்டின் நாடா அது.

இந்தப் பின்னணியில் இன்னும் இரண்டு படைப்புகளைப் பெரியம்மாவின் கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) கேள்வியின் பாதிக்குப் பதில் வைத்திருக்கிறது. தி. நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கிற பிள்ளைகள், மந்தைபோல் அடைபடும் விடுதி, அடிக்கிற கண்காணிப்பாளர், அவனுக்கு மேலே முதலாளி. எல்லோரும் முகத்தோடு இருக்கிறார்கள். கடை ஊழியர்கள் உட்காரவும் ஓர் இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021ல். படம் அதற்குப் பதினோரு வருசம் முந்தியது. நாங்கள் நெய்த புடவையை விரித்துக் காட்டுகிற அந்தப் பெண்ணின் காலை எனக்குக் காட்டிய படம் அது. அதை மறக்கமாட்டேன். ஆனால் தென்கோடி ஊர்களிலிருந்து ஆள் பிடித்து வருவதைக் காட்டுகிற படம், அந்த ஊருக்குள் காலனி எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. வறுமை என்ற ஒரே சொல்லால் எல்லோரையும் போர்த்திவிடுகிறது.

டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் அந்தப் போர்வையை விலக்குகிறது. 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல், திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் கதை. யார் சுண்ணாம்புக் குழிக்குள் நிற்கிறான், ஏன் அவனே நிற்கிறான், அவன் வாங்கிய முன்பணம் எவ்வளவு, கொடுத்தவன் யார், இவை எல்லாம் அங்கே ஒரே முடிச்சு. சங்கம் வைப்பதும் சாதியை எதிர்ப்பதும் அங்கே வேறு வேறு வேலை இல்லை. மீட்பர்கள் வெளியிலிருந்தும் மேலிருந்தும் வருகிறார்கள் என்ற விமர்சனம் எனக்கு உண்டு. இருந்தாலும் நம் அழகியலுக்கான திசை ‘கற்றது தமிழ்’ பக்கம் இல்லை, இந்த நாவலின் பக்கம் இருக்கிறது.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டார். “கார்ப்பரேட்டை எதிர்க்கணும்னா எல்லாரும் ஒண்ணா நிக்கணும். இதுல சாதியக் கொண்டாந்தா ஒற்றுமை உடையாதா?” நல்ல தோழர், நேர்மையான கேள்வி. ஒற்றுமை வேண்டாம் என்று யார் சொன்னது? 2024ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது எங்கள் வட்டத்திலிருந்து போய்ப் பந்தலில் உட்கார்ந்தோம். அவர்கள் சங்கம் பதிவாக 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வெற்றி நம் வெற்றியும்தான். ஆனால் கார்டின் நிறம் பற்றிப் பேசாமல் கட்டுகிற ஒற்றுமையில், மஞ்சள் பட்டைக்காரி கோஷத்துக்கு மட்டும் வேண்டும், கோரிக்கைக்கு வேண்டாம் என்றாகிவிடும். 1928லேயே அம்பேத்கர் இதைத்தான் சொன்னார்.

அதைவிட, 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலைப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது. 1ஆம் தேதியிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். வருசக்கணக்காக இந்த நகரத்தின் குப்பையை அள்ளியும், ஏட்டில் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் தற்காலிக ஆட்கள். உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அரசாங்கமே காண்ட்ராக்டரின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இடஒதுக்கீடு எட்டிப் பார்க்காத இடம் தனியார் வேலை. அரசு வேலையும் தனியாரிடம் போனால் நமக்கு மிச்சம் என்ன? 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பில், ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு 50 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் காண்ட்ராக்டருக்குத்தான். 1970ஆம் வருசத்துச் சட்டத்தில் அந்த எண் 20. நாற்பது பேரை வைத்திருக்கிற காண்ட்ராக்டர் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்தப் பதின்மூன்று நாளைப் பற்றித் தமிழில் எத்தனை கதை வந்தது? ஐ.டி. வேலை போனவனின் தனிமையை எழுத ஆள் இருக்கிறது. அந்த வலி பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தம்பியின் மௌனத்தை நேரில் பார்த்தவள் நான். ஆனால் குற்றத்தை மய்யநீரோட்ட எழுத்தின் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் தலித் எழுத்தும் சேரி, நிலம், சுடுகாடு, தேர் என்ற இடங்களைச் சுற்றியே பெரும்பாலும் நின்றுவிட்டது. அவை எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் நம் பிள்ளைகள் விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிப் பத்துப் பதினைந்து வருசம் ஆகிறது. அந்தப் பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு நம்மிடம் சாட்சியம் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்த நானே என் பதினோரு மாதத்தை இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன். வெட்கம்தான் காரணம். வேலையை விட்டு அனுப்பப்பட்டவள் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை நமக்குக் கொடுத்தவனுக்கு வெட்கம் இல்லை.

கூட்டம் கலையும்போது ஒரு முடிவு செய்தோம். அடுத்த மாதம் படம் கிடையாது. ஆளுக்கு ஒரு காகிதம் கொண்டுவர வேண்டும், வேலை சம்பந்தப்பட்ட எந்தக் காகிதமானாலும் சரி. சம்பளச் சீட்டு, கார்டு, பி.எஃப். கணக்கு, ராஜினாமாக் கடிதம். அதை வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்போம்: சம்பளம் கொடுப்பவன் யார், நிறுத்துகிற அதிகாரம் யாருக்கு, அதை எந்தக் காகிதம் சொல்கிறது? தம்பி தன் ராஜினாமாக் கடிதத்தின் நகலைக் கொண்டுவருவதாகச் சொன்னான். அன்றைக்கு அவன் பேசியது அது ஒன்றுதான். நான் அப்பாவின் பாக்கி நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

“எங்கிட்ட ஒரு காயிதமும் இல்லியேடா” என்றது பெரியம்மா. ஐம்பது வருசமாக ஆரணிப் பட்டுக்குத் தார் சுத்துகிற கை அது. காகிதம் இல்லை என்பதையே எழுதிக்கொண்டு வருகிறோம் பெரியம்மா, நீ சொல்லு, நாங்க எழுதறோம் என்றோம். தோழர்களே, உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெரியம்மா இருப்பார். கேட்டு எழுதி அனுப்புங்கள்.